முதல் கோர்

ஒரு கணினியின் மூளையான பிராசசருக்குள், கணக்குப் போடும் எட்டு கோர்கள் இருந்தன. கேம் தொடங்கினால் வேலை மொத்தமும் முதல் கோரின் தலையில்தான் விழும். அன்றும் அது கொதித்துத் தவித்தது.

"நீ கொஞ்சம் வாங்கிக்கோயேன் தம்பி," என்று பக்கத்துக் கோரிடம் கெஞ்சியது.

"குடுத்தா செய்யமாட்டேனா அண்ணே? சும்மாதானே கிடக்கேன்."

வேலையைப் பங்கிடும் இயங்குதளம் கையை விரித்தது. "இந்த கேமைப் பிரிச்சுக் குடுக்கிற மாதிரி எழுதலையேப்பா. வேணும்னா மொத்தத்தையும் அவன் தலையில மாத்திடறேன்."

பக்கத்துக் கோர் பதறிப் பின்வாங்கியது.

"வேண்டாம்," என்றது முதல் கோர்.

திரையில் படம் திக்கித் திக்கி நின்றது. "எட்டு கோர் பத்தலை, பதினாறு கோர் வாங்கணும்," என்று வெளியே யாரோ சலித்துக்கொண்டார்கள்.

எங்கோ ஒரு கடையில் பெட்டிக்குள் காத்திருக்கும் அந்தப் பதினாறு கோர் பிராசசரின் முதல் கோரை நினைத்து இதற்கு அழுகை வந்தது.