உண்டு, ஆனால் ஓடாது

சகல ஜனங்களுக்கும் இதன் மூலம் தெரிவிப்பது யாதெனில், சமூக அநீதி இன்று மாலை ஐந்து மணியோடு முடிவுக்கு வருகிறது. ஐந்தேகாலுக்குத் தேநீர்.

கல்லூரி முதல்வர் இதே வார்த்தைகளில் சொல்லவில்லை. ஆனால் மைக்கைப் பிடித்து அவர் பேசிய இருபது நிமிடங்களைப் பிழிந்தால் இவ்வளவுதான் தேறும்.

'சமூக நீதிக்கான தொழில்நுட்பம்' என்ற ஹேக்கத்தானின், அதாவது செயலி எழுதும் போட்டியின், இரண்டாம் நாள் அது. கோடிங்கில் ஆனா ஆவன்னா தெரியாதவர்களும் வரலாம் என்று சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அதை நம்பிச் சேர்ந்தவள், முதலாண்டு வரலாறு படிக்கும் ஒரு பெண். சக்கர நாற்காலியில் போய்வருபவள். நடைவழியில் அவள் வரும் வேகத்தைப் பார்த்து இரண்டாம் வாரமே வகுப்பில் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எக்ஸ்பிரஸ் அரங்கத்தைத் தன் போன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி மேடையும், ஒரு தண்ணீர் பாட்டிலும், மூன்று நடுவர்களில் இரண்டரைப் பேரும் தெரிந்தார்கள்.

அரங்கத்தின் பெரிய திரையில் அவள் முகம். முதல்வர் அதைக் காட்டி உருகினார். வீட்டில் இருக்கும் பிள்ளையையும் சபையில் கொண்டுவந்து உட்கார வைப்பதுதான் தொழில்நுட்பம் என்றார்.

கைதட்டல் எழுந்தது. அது எக்ஸ்பிரஸுக்கு இரண்டு முறை கேட்டது. ஒருமுறை போனில், அதற்குச் சற்று முன்பே இன்னொரு முறை. இரண்டுமே அந்தப் பேச்சுக்கு அதிகம்தான்.

அவளுடைய அணியில் இன்னொருவன் மட்டும்தான். 'சார்ஜர்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சார்ஜர் அவனுடையது, மடிக்கணினி அவன் அண்ணனுடையது. முதல் பரிசு ஆளுக்கொரு மடிக்கணினி என்பதால் நேற்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மேடையேறி அவன் செயலியை விளக்கினான். பெயர் 'படி'. ஒரு கட்டடத்தின் பெயரைப் போட்டால் எத்தனை படி, சாய்தளம் உண்டா, கதவு எவ்வளவு அகலம், லிஃப்ட் உண்டா என்று சொல்லும்.

லிஃப்ட் என்ற கேள்விக்குக் கீழே மூன்று விடைகள் இருந்தன. உண்டு. இல்லை. உண்டு, ஆனால் ஓடாது.

மூன்றாவது விடை எக்ஸ்பிரஸ் எழுதியது. மொத்தம் ஆறே வரி கோடிங். வாழ்க்கையில் அவள் எழுதிய முதல் ஆறு வரி. ஓர் அடைப்புக்குறியை மூட மறந்து, அதைத் தேடியதிலேயே ஒன்றரை மணி நேரம் போயிற்று. கடைசியில் அது வேலை செய்ததும் அம்மாவுக்கு போன் போட்டு ஓடிடுச்சும்மா என்று கத்தியபோது, யாரோடு, எந்த வீட்டுப் பெண் என்று அம்மா பதறிப்போனாள்.

தலைமை நடுவர் அந்த ஆறு வரியில்தான் விரலை வைத்தார்.

அவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பெரிய ஆள். எவ்வளவு பெரியவர் என்பதை அவரே இரண்டு முறை சொல்லியிருந்தார். உடம்புக்கு நல்லதென்று எங்கே போனாலும் படியேறித்தான் போவாராம், அதையும் சொல்லியிருந்தார்.

இப்போது அவர் அன்பாகவே சொன்னார். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஒன்று, பூஜ்யம், அவ்வளவுதான். லிஃப்ட் இருக்கும், அல்லது இருக்காது. நடுவில் திரிசங்கு எதற்கு? புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் செய்கிற பிழைதான். அதை எடுத்துவிட்டால் முதல் பரிசுக்கு யோசிக்க வேண்டியதே இல்லை.

சார்ஜரின் கை விசைப்பலகைக்குப் போனது. ஆனால் அழுத்தவில்லை. தலையைத் திருப்பி, கேமராவைப் பார்த்தான். பசித்தவன் பந்தியைப் பார்க்கிற பார்வை.

காலையிலிருந்து எக்ஸ்பிரஸ் தன் மைக்கை அணைத்தே வைத்திருந்தாள். அவள் பக்கத்தில் ஆள் நடமாட்டம், பாத்திரச் சத்தம். மடிக்கணினி அவளுக்கும் வேண்டும்தான். ஆறு வரிதானே, இன்னொரு நாள் எழுதிக்கொள்ளலாம் என்றும் ஒரு கணம் நினைத்தாள்.

பிறகு மைக்கைத் திறந்தாள்.

"அதை எடுக்காத. இருக்கட்டும்."

தலைமை நடுவர் சிரித்தார். "அப்படி ஒரு லிஃப்ட் எங்கம்மா இருக்கு?"

எக்ஸ்பிரஸ் போனின் கேமராவை மறுபக்கம் திருப்பினாள்.

பெரிய திரையில் ஒரு லிஃப்டின் இரும்புக் கதவு தெரிந்தது. அதன்மேல், 'பழுது' என்ற அட்டையைப் பாதி மறைத்தபடி, கொட்டை எழுத்துச் சுவரொட்டி: எல்லோரும் வரலாம். பக்கத்தில், அரங்கத்துக்கான தேநீர் டிரம்மை இறக்கிவைத்துவிட்டு, மாடிப்படியை அண்ணாந்து பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார் கேன்டீன்காரர்.

"இங்கதான் சார். நான் கீழதான் இருக்கேன். காலைல எட்டு மணிலேர்ந்து."

மெக்கானிக் வந்துகொண்டே இருக்கிறார் என்று ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் எழுந்து விளக்கினார். போன செமஸ்டரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார் என்று யாரோ பின்வரிசையில் முணுமுணுத்தார்கள். தலைமை நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாவது விடை அப்படியே இருக்கட்டும் என்றார். அவருக்கு அந்த மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும்.

முதல் பரிசும் அவர்களுக்கே.

கைதட்டல் படிக்கட்டு வழியாக முதலில் இறங்கி வந்தது. போனில் அதற்குப் பின்னால். எக்ஸ்பிரஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேன்டீன்காரர், என்ன ஏது என்று தெரியாமலே, டிரம்மிலிருந்து முதல் தேநீரைப் பிடித்து அவளுக்குக் கொடுத்தார்.

மேலே முதல்வர் கையிலிருந்த தாளைப் பார்த்து, வெற்றி பெற்றவர்கள் பரிசு வாங்க மேடைக்கு வரவேண்டும் என்று மூன்று முறை அழைத்தார்.

அவளுக்கு ஆறு முறை கேட்டது.