குளிரறைச் செடி

வேலூரில் அந்தக் கோடையில் வெயில் ஐம்பது டிகிரியைத் தொட்டது. ஏற்றுமதிச் செடிகளுக்கு மட்டுமே ஏசி அனுமதி இருந்தது. பவளக்கொடி தன் வீட்டின் ஒரே குளிரறையில், கம்பெனி கொடுத்த, அகன்ற இலைகளில் வெள்ளைத்திட்டு விழுந்த மான்ஸ்டெரா செடியை இருபத்தாறு டிகிரியில் வளர்த்துவந்தாள். அங்கே மனிதர் தங்குவது தெரிந்தால் செடியையும் ஏசியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மதியம் சோதனைக்கு வந்த கம்பெனி ஆய்வாளர் எட்வின், அறைக்குள் நுழைந்ததும் மீட்டரைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"ஒத்தைச் செடி இருக்கிற ரூம்ல இவ்வளவு ஈரப்பதமா? வேற யாராவது இருக்காங்களாம்மா?"

"காலையில தண்ணி கொஞ்சம் கூட ஊத்திட்டேன் சார்."

அவர் நம்பவில்லை. தொட்டி மண்ணை விரலால் கிளறினார். அது உலர்ந்திருந்தது. அகன்ற இலைகளை விலக்கிப் பார்த்தார். சுவரோரம் பாயில் பவளக்கொடியின் மகள், நிறைமாத வயிற்றை அணைத்தபடி படுத்திருந்தாள்.

"வெளிய ரெண்டு தடவ மயங்கி விழுந்துட்டா சார். பிரசவம் வரைக்குமாவது..."

எட்வின் செடியையும் அவளையும் அவள் வயிற்றையும் பார்த்துவிட்டுப் படிவத்தில் எழுதினார். செடியைத் தூக்கிப்போகத்தான் எழுதுகிறார் என்று பவளக்கொடி பதறி எட்டிப் பார்த்தாள்.

'செடிகள்: மூன்று. தட்பவெப்பம் சரியாக உள்ளது' என்று இருந்தது.