பொறுமையான குரல்

டயர் கடைச் சாவி மாமனாரின் மேஜை டிராயரில் இருந்தது. அந்த டிராயரை அவர் திறக்கும்போதெல்லாம் மாப்பிள்ளை வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

"இந்த ஆப் ஓடினா நீங்க முதலாளி. ஓடலைன்னா ஒழுங்கா கடையில வந்து உக்காந்து டயர் எடுத்துக் கொடுங்க" என்று மாமனார் முன்கூட்டியே சொல்லியிருந்தார். முதல் போட்டவர் அவர், பெண்ணைக் கொடுத்தவரும் அவர். மாப்பிள்ளை தலையை ஆட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆப் என்னவோ நல்ல ஆப்தான். கதைப் புத்தகங்களைச் செல்போனிலேயே சத்தமாகப் படித்துக் காட்டும். ஆனால் படிக்கிற கம்ப்யூட்டர் குரல் இருக்கிறதே, காதல் கதையைக்கூடக் குற்றப்பத்திரிகை மாதிரி வாசித்தது. கேட்டவர்கள் பாதியிலேயே ஓடினார்கள். ஜனங்களுக்குப் பிடித்த ஒரு குரல் உடனே வேண்டும்.

அப்படி ஒரு குரல் இருந்தது. ரயில் வருவதையும், லிஃப்ட் நிற்பதையும், விமானம் தாமதம் என்பதையும் எத்தனையோ வருஷமாகச் சொல்லி வந்த குரல்காரம்மா. அவர் சொன்னால் தாமதம்கூட இனிக்கும்.

மாப்பிள்ளை பழக்கூடையோடு அந்த அம்மா வீட்டுக்கே போய் அவர் குரலுக்கு லைசென்ஸ் கேட்டார்.

"உக்காருப்பா. உன்னைப் பார்த்தா நல்ல பிள்ளையா தெரியுது. ஆனா என் குரலை இனிமே யாருக்கும் கொடுக்க முடியாதுப்பா" என்றார் அம்மா. பழத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"என்ன தலைக்கனம் பாருய்யா" என்று ஆபீசுக்கு வந்து பொருமினார் மாப்பிள்ளை. "கொடுக்க மாட்டாங்கன்னா நாமளே எடுத்துக்க வேண்டியதுதான்."

கேட்டுக்கொண்டிருந்தவர் சவுண்டு இன்ஜினீயர். ஆபீசில் அவருக்குப் பெயரே சவுண்டுதான். "சார், அதுக்குப் பேரு திருட்டு" என்றார்.

"பூட்டையா உடைக்கப் போறோம்? போன் போட்டுப் பேசுவோம். அவங்க பேச்சைப் பதிவு பண்ணி நம்ம மெஷினுக்குப் போட்டா, அதே குரல்ல படிக்கக் கத்துக்கும். யாராவது கேட்டா வேற ஒரு பொண்ணு பேசினதுன்னு சொல்லிடலாம். குரலுக்கென்ன கைரேகையா இருக்கு?"

மறுநாள் மாப்பிள்ளை நேயர் மன்றத் தலைவராக அவதாரம் எடுத்து, அம்மா கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"வணக்கம், சொல்லுங்க. உங்களோட பேசறதுல ரொம்ப சந்தோஷம்."

நேரில் வாப்பா போப்பா என்றவர், நேயர் மன்றம் என்றதும் எப்படி மரியாதையாகப் பேசுகிறார் என்று மாப்பிள்ளை கண்ணடித்தார். பக்கத்தில் சவுண்டு பதிவு செய்துகொண்டிருந்தார்.

சிரிக்கச் சொன்னால் அம்மா சிரித்தார். பால்காரர் தண்ணீர் கலந்தால் எப்படித் திட்டுவீர்கள் என்று கேட்டதும், திட்டியே காட்டினார். சோகமாகப் பேசச் சொன்னபோது சவுண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க, காலையோ மதியமோ, எப்போது கூப்பிட்டாலும் சலிக்காமல் பேசினார். வேலை இருக்கிறது, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு தடவைகூட வைத்துவிட்டுப் போகவில்லை.

"ஒரு இருமல் இல்ல, தும்மல் இல்ல, பின்னால ஒரு பாத்திரம் உருள்ற சத்தம்கூட இல்ல சார். ஸ்டுடியோவுல பேசின மாதிரி இருக்கு" என்று சவுண்டு வியந்தார்.

"தொழில் சுத்தம்யா. பாவம், மனசுவிட்டுப் பேச ஆள் கிடைக்காம இருந்திருக்காங்க" என்றார் மாப்பிள்ளை. ஏமாற்றுகிற ஆளிடமே இப்படி அன்பாகப் பேசுகிறாரே என்று அவருக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. டயர் கடையை நினைத்ததும் அது சரியாகிவிட்டது.

புதுக் குரலோடு ஆப் வெளிவந்தது, பிய்த்துக்கொண்டு போனது. பஸ்ஸிலும் பார்க்கிலும் ஜனங்கள் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். "மாப்பிள்ளை, உங்களைச் சாதாரணமா நினைச்சிட்டேன்" என்று மாமனார் எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்தார். அதோடு விடாமல், "இனிமே இது உங்களுக்கு வேண்டாம்" என்று டிராயரில் இருந்து கடைச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த வாரமே, மாமனாரும் இருந்த நேரமாகப் பார்த்து, குரல்காரம்மா ஆபீசுக்கு வந்து நின்றார். கூடவே ஒரு கறுப்புக் கோட்டுக்காரர்.

மாப்பிள்ளை அவசரமாக எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு ஒத்திகை பார்த்து வைத்ததை ஒப்பித்தார். "இது வேற ஒரு பொண்ணோட குரல்மா. உங்க குரல் மாதிரியே இருந்தா அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?"

"எனக்கு உன்மேல வருத்தமே இல்லப்பா" என்று அம்மா சிரித்தார். "என்கிட்டேருந்து நீ எதையும் எடுக்கலையே. பழம் கொண்டு வந்தியே, அன்னிக்குப் பேசினதோட சரி. அப்புறம் நாம பேசவே இல்ல."

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. தலைக்கனம் போதாதென்று வாய்கூசாமல் பொய் வேறா?

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? ஒரு வாரம் பூரா போன்ல பேசினீங்களே. சிரிச்சீங்க, பால்காரரைத் திட்டினீங்க..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். சவுண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார். கோட்டுக்காரர் புன்னகையோடு பேனாவைத் திறந்தார். மாமனாரின் கை மெல்லச் சட்டைப் பைக்குள் போனது.

அம்மா மாப்பிள்ளையைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என் போனை இப்பல்லாம் நான் எடுக்கறதே இல்லப்பா, எடுத்துப் பேசறது, போன வருஷம் நான் என் குரலை மொத்தமா வித்த கம்பெனியோட மெஷின், இவரு அந்தக் கம்பெனி வக்கீல்."