தொட்டால்தான் போகலாம்
இளையோர் உலகப் பனிச்சறுக்குத் தொடரோட்டத்தின் கடைசி ஏற்றத்தில், பின்லாந்துக்காரி சாய்மியின் பலகைகளுக்குப் பிடிமானமே இல்லை. வழுக்காமல் ஏறக் காலையில் பூசிய மெழுகு மதிய வெயிலில் ஏமாற்றுகிறது. ஓரடி ஏறினால் அரையடி வழுக்குகிறது. எச்சில் தாடையில் வழிகிறது, துடைக்கக் கை ஒழியவில்லை. நார்வேக்காரியும் தாண்டிப் போய்விட்டாள். "கைக்கோலை ஊன்றித் தள்ளு, சாய்மி! காலை நம்பாத!" என்று கத்தியபடி பயிற்சியாளர் தார்மோ முழங்கால் பனியில் கூடவே ஓடிவருகிறார். கீழே மற்ற அணிகளின் அடுத்த சுற்றுக்காரிகள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். தங்கை வில்யா மட்டும் தனியாக நிற்கிறாள். சரிவில் பாய்ந்து வந்த சாய்மி சுற்று மாற்றும் கோட்டுக்குள் குப்புற விழுகிறாள். மூச்சு வரவில்லை. "தொடுக்கா! நீ தொட்டாத்தான நான் போக முடியும்!" வில்யா அழுதுகொண்டே கத்துகிறாள். முழங்கையால் ஊர்ந்து, கையை நீட்டி, சாய்மி அவள் காலணியைத் தொடுகிறாள். வில்யா திரும்பிப் பார்க்காமல் ஆளில்லாத தடத்தில் பாய்கிறாள்.