வரேன்

தொண்டர்களை வெளிநாட்டு அகதி முகாம்களுக்கு அனுப்புமுன் நடக்கும் கடைசிப் பயிற்சி அது. மைதானம் முழுக்கக் கூடாரங்கள், உள்ளே அகதிகளாக நாடகக்காரர்கள். காப்பாற்ற முடியாத வாக்கை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று பயிற்றுநர் செல்வின் தொண்டை கிழியச் சொல்லியிருந்தார். நேரம் முடிந்ததென்று விசில் ஊதியதும், பயிற்சிக்கு வந்திருந்த மரகதவல்லி எழுந்து, அகதியாக நடித்த பொற்கலையின் கையைப் பற்றி, "வரேன்க்கா" என்றாள்.

"தோத்துட்டே. நீ திரும்பி வருவேன்னு அந்தம்மா காத்துக்கிட்டு இருக்குமே?" என்றார் செல்வின்.

"போறேன்னு எப்படி சார் சொல்றது?"

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது. மரகதவல்லியைக் காணாமல் செல்வின் தேடி வந்தபோது, அதே கூடாரத்தில் டீயை ஆற்றிப் பொற்கலையிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"வரேன்னு சொல்லிட்டேனே சார்."

பொற்கலை இன்னும் வேஷம் கலைக்கவில்லை. "இந்தப் பொண்ணு வரும்னு எனக்குத் தெரியும்" என்றாள், அகதியின் குரலிலேயே.

எத்தனையோ நாட்டு முகாம்களிலிருந்து ஒரு வார்த்தையும் சொல்லாமல் வண்டி ஏறியவர் செல்வின். இப்போதும் கிளம்பத் திரும்பினார். பொற்கலை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு நுனிவரை வந்த சொல்லை என்ன செய்வதென்று தெரியாமல், செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் உள்ளே உட்கார்ந்தார்.