இரண்டு பேர் ரத்தம்

திங்கட்கிழமை காலை டில்லி தன் பழைய ஊசிகள் ஆறை எடுத்துக்கொண்டு தெருமுனையில் இருந்த ஊசி மாற்றும் பெட்டிக்குப் போனான். பழையது ஒன்றைப் போட்டால் புதியது ஒன்று வரும். அதற்காகவே வாரம் முழுவதும் தான் போட்டுக்கொண்ட போதை ஊசிகளை பீரோ மேல் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைப்பான்.

ஊசியில் ஒரே ஆளின் ரத்தம் இருந்தால் பச்சை விளக்கு எரியும். ஐந்துக்குப் பச்சை எரிந்தது. ஆறாவதற்குச் சிவப்பு.

பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஜான்சி திரையைப் படித்தாள். "இதுல ரெண்டு பேர் ரத்தம் இருக்குண்ணா. யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கல. டப்பா வூட்லதான் இருந்துச்சு."

"இன்னொண்ணு பொம்பளை ரத்தம். அதுல கிருமி இல்ல. உங்களுதுல மஞ்சக்காமாலைக் கிருமி இருக்கு. அது உங்களுக்கே தெரியும்."

நாலைந்து நாளாக, இந்த வெயிலிலும், அவன் மனைவி கஸ்தூரி நைட்டிக்கு மேல் அவனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. தன் நோயைப் பற்றி அவளிடம் சொல்லவும் இல்லை.

"வீட்ல இருக்கறவங்கள நாளைக்கே டெஸ்டுக்குக் கூட்டிட்டு வாங்கண்ணா."

"கூட ஒரு ஆறு ஊசி குடும்மா."

"பழசு போட்டாத்தான் வரும். என் கையில ஒண்ணும் இல்ல."

பெட்டி ஆறு புதிய ஊசிகளைத் தள்ளியது. மூன்றைச் சட்டைப் பையில் வைத்தான். மீதி மூன்றைக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு ஜான்சியிடம் பேனா வாங்கி, அவற்றின் உறை மேல் கஸ்தூரி என்று எழுதினான்.