கிவிச் சான்று

நாயின் கழுத்தில் மாட்டும் மின் அதிர்ச்சிக் காலரின் ரிமோட்டில், திருகைக் கடைசி எண்ணான எட்டுக்குத் திருப்பி வைத்தாள் நைரி. சாதாரணமாக மூன்று போதும். ஐந்திலேயே பெரிய நாய் அலறிவிடும்.

"எட்டா?" என்றார் வனக்காவலர் டிபெனே. "ஏம்மா, அது நாய். எருமை இல்ல."

"தாங்கும். நீங்க சும்மா நின்னு பாருங்க."

ஆறு வருஷம் இறைச்சி ஆலையில் ஆட்டுத் தோல் உரித்த கை அவளுடையது.

வேலிக்கு அந்தப் பக்கம் தன் பிக்கப் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான் டாரல். காட்டுப்பன்றி வேட்டைக்காரன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் சொன்ன ஒரே ஒரு சாட்சியில்தான் நைரியின் அண்ணன் ராவிரி அழிந்து போனான்.

காட்டில், சட்டம் போட்டுக் காக்கும் கிவிப் பறவைகள் நான்கு குதறப்பட்டுக் கிடந்தன. "ராவிரியோட நாய்தான் கவ்விச்சு. என் கண்ணால பார்த்தேன். அங்கேயே சுட்டு அங்கேயே புதைச்சிட்டேன்" என்றான் டாரல். குட்டியிலேயே கிவிப் பயிற்சி கொடுத்த நாய் அது, பறவையிடம் போகவே போகாது என்று ராவிரி தொண்டை கிழியக் கத்தினான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேட்டை அனுமதி போயிற்று. கிவியைக் கொன்றவன் என்று சாவு வீட்டில்கூட சொந்த ஜனம் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. இப்போது ஆக்லாந்தில் சாலைக்குத் தார் கொட்டுகிறான். வீட்டோடு பேச்சில்லை.

ஆலை வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய நைரி, ஊர் ஊராக முகாம் போட்டு நாய்களைப் பழக்கும் இந்த வேலையில் சேர்ந்துகொண்டாள். கிவியை நெருங்காது என்ற சான்று இல்லாமல் எந்த நாயையும் காட்டுக்குள் விட முடியாது. எந்த வேட்டைக்காரனும் ஏதாவது ஒரு முகாமுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

வந்துவிட்டான். தன் ஊர் முகாமை விட்டுவிட்டு மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தான்.

"ராவிரி தங்கச்சியா நீ? அதே மூஞ்சி" என்று இளித்தான் டாரல். "பழசையெல்லாம் நாய் மேல காட்டிடாத, ஆமா."

"உன் மேல காட்டலாம்னா உன் கழுத்துக்குக் காலர் பத்தாதே, டாரல்."

டிபெனே சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

கறுப்பும் பழுப்புமாக வரியோடிய நாய். உடம்பெல்லாம் பன்றிப் பல் கிழித்த தழும்பு. இந்தப் பக்கம் பத்து வேட்டை நாய்களில் ஆறு இப்படித்தான் இருக்கும். டிபெனேயைப் பார்த்து உறுமியது. காலர் மாட்டக் குனிந்த நைரியிடம் மட்டும் உறுமலை விட்டுவிட்டு, அவள் போட்டிருந்த அண்ணனின் பழைய மழைக்கோட்டுக்குள் மூக்கை நுழைத்தது. எடுக்கவே இல்லை.

"கோட்டுல கறி ஏதும் வச்சிருக்கியா?" என்றான் டாரல்.

நைரி குனிந்தபடியே நாயின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"காலரை ஒரு தரம் பார்த்துட்டு வர்றேன்."

தன் வண்டிக்குப் பின்னால் போய்விட்டு வந்தாள். காலரை நாயின் கழுத்தில் இறுக்கிக் கட்டினாள். படிவத்தை டாரலிடம் நீட்டினாள்.

"முன்னாடி எப்பவாவது பயிற்சி குடுத்திருக்கா?"

"எங்க? தெற்குத் தீவுல குட்டியா வாங்கினது. இது கிவி வாடையே பட்டதில்ல."

"அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடு."

போட்டான்.

வண்டியில் அடிபட்டுச் செத்த கிவி ஒன்று, குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இளகவைத்தது, பெரணிப் புதருக்குள் கிடந்தது. பழக்காத நாய் இந்த வாடைக்கு நேராகப் பாயும். மூக்கு பறவையில் படும் நேரத்தில் பொத்தானை அமுக்க வேண்டும். அதுதான் பயிற்சி.

காற்று எதிரே வீசியது. டாரல் கயிற்றை அவிழ்த்துவிட்டான். நாய் துள்ளி ஓடியது. நைரி ரிமோட்டை உயர்த்தினாள்.

"நைரி, வேணாம். திருகைக் குறை" என்றார் டிபெனே தாழ்ந்த குரலில்.

பறவைக்குப் பத்தடி இருக்கும்போது நாய் சட்டென்று நின்றது. காதை மடக்கியது. வாலைக் கால் நடுவே செருகிக்கொண்டு, பெரிய வட்டமாகப் புதரைச் சுற்றி ஓடிவந்து நைரியின் காலடியில் பம்மியது.

டாரல் தொடையைத் தட்டிச் சிரித்தான். "அடேங்கப்பா, சரியான அடி! ஒரே அமுக்குல புத்தி வந்துருச்சு பாரு. சான்றைக் குடு, நான் கிளம்பறேன்."

"நான் அமுக்கல."

"அமுக்காமயா இந்தப் பயம் பயப்படுது? யாருகிட்ட கதை விடற?"

நைரி காலரைக் கழற்றி டிபெனேயின் கையில் வைத்தாள். அவர் புரட்டிப் பார்த்தார். பேட்டரி இருக்க வேண்டிய குழி காலியாக இருந்தது.

டிபெனே படிவத்தைப் பார்த்தார். புதரைப் பார்த்தார். "அப்போ இதை முன்னாடியே யாரோ நல்லா பழக்கியிருக்காங்க" என்றார் மெதுவாக. "கிவியே தெரியாதுன்னு எழுதியிருக்கியே, டாரல்?"

டாரல் வண்டிப் பக்கம் நகர்ந்தான். டிபெனே குறுக்கே போய் வண்டிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

நைரி மண்டியிட்டு நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:

"நீ சுட்டுப் புதைச்ச நாய்க்கு நல்ல ஞாபகம், டாரல்."